என் படிப்புக்காக ஆத்தா எடுத்த தீச்சட்டி

கண் திறக்க முடியாமல் கிடந்த நாட்களில் எனக்கு உலகம் என்பது வாய்ப்பாட்டுச் சத்தமாக மட்டுமே இருந்தது. எங்கள் வீட்டுப் பின்சுவரை ஒட்டினாற்போல் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம். இமைகள் வீங்கி ஒட்டிக்கொள்ள, உதட்டில் ஈரத்துணி பட்டாலே எரிய, வேப்பிலை பரப்பிய பாயில் கிடந்த என் காதுக்கு, "ஓரெட்டு எட்டு, ஈரெட்டுப் பதினாறு" என்று பிள்ளைகள் இழுத்துப் பாடுவது சுவருக்குள்ளிருந்தே வருவதுபோல் கேட்டுக்கொண்டிருக்கும். அந்தக் கூட்டுக்குரலில் எல்லோருக்கும் அரை மூச்சு முன்னால் ஓடுகிற கணீரென்ற குரல் ஒன்று உண்டு. அது வீராயியின் குரல்; பள்ளியில் என் பக்கத்தில் உட்கார்கிறவள். ஒரு காலையில் அந்தக் குரலைக் காணோம். அதற்கு மறுநாள் வாய்ப்பாட்டையே காணோம். ஊரில் இன்னும் பல வீட்டு வாசல்களில் வேப்பிலை செருகியாகிவிட்டது, பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டார்கள் என்று பக்கத்து வீட்டுப் பாத்திமாக்கா வெளியே நின்றபடியே என் ஆத்தாவிடம் சொல்வது கேட்டது.

எங்கள் ஊர் உத்தமபாளையம். இரண்டாம் உலகப் போர் தொடங்குவதற்குச் சில ஆண்டுகள் முந்தைய கதை இது. எனக்கு அப்போது ஒன்பது வயதோ பத்து வயதோ. பெரியாற்றுத் தண்ணீரில் இரண்டு போகம் நெல் விளைகிற பள்ளத்தாக்கு ஆதலால் எங்களுக்குச் சோற்றுக்குக் குறைவில்லை. அதுபோலவே பயத்துக்கும் குறைவில்லை. மழைக்காலம் வந்தால் மலைக்காய்ச்சல், வெயில் ஏறினால் அம்மை. அந்த நோயின் பெயரை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. "ஆத்தா வந்திருக்கா", "முத்துப் போட்டிருக்கா" என்றுதான் சொல்ல வேண்டும். அவள் விருந்தாளியாக வந்திருக்கிற வீட்டில் தாளிக்கக் கூடாது, சத்தம் போட்டுப் பேசக் கூடாது, வெளியாட்கள் உள்ளே நுழையக் கூடாது. பெற்றவளும் ஆத்தா, காய்ச்சலைக் கொண்டுவந்தவளும் ஆத்தா என்பதால், என்னை நடுவில் கிடத்திவிட்டு இரண்டு ஆத்தாக்களும் ஏதோ வழக்குப் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று அந்தக் காய்ச்சல் மயக்கத்தில் எனக்குத் தோன்றும். வாசிக்கிறவர்களுக்குக் குழப்பம் வேண்டாம் என்பதற்காக, என்னைப் பெற்றவளை ஆத்தா என்றும் கோயிலில் இருக்கிறவளை அம்மன் என்றும் எழுதிக்கொண்டு போகிறேன்.

எங்கள் பள்ளிக்கூடம் ஓடு வேய்ந்த இரண்டே அறை. அதை நடத்திய ஞானம் டீச்சர் திண்டுக்கல் பக்கத்துக் கிறித்தவர், கணவனை இழந்தவர், பள்ளிக்கு எதிரிலேயே ஒற்றை அறை ஒன்றில் குடியிருந்தார். பிள்ளைகள் வரிசையாகப் போட்ட பலகைகளில் உட்காருவோம். ஊருக்குக் கிழக்கே சேரியிலிருந்து வருகிற ஒரே பெண் வீராயி. அவளைக் கடைசியில் தனியாக உட்கார வைப்பார்கள் என்றுதான் தெரு எதிர்பார்த்தது. டீச்சரோ அவளை முன் பலகையில், என் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார். "என்ன டீச்சரம்மா, அந்தப் புள்ளைய அங்கன உக்கார வச்சிருக்கீக?" என்று தாய்மார்கள் வந்து கேட்டபோது, "எனக்குக் காது கொஞ்சம் மந்தம். நல்லாச் சத்தமா வாசிக்கிற பிள்ளை கிட்டக்க இருந்தாத்தான் எனக்குச் சௌகரியம்" என்று சொல்லிவிட்டார். அவருக்குக் காது நன்றாகவே கேட்கும். ஆனால் தண்ணீர் விஷயத்தில் அவராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. பானையிலிருந்து எடுத்துக் கொடுக்கிற ஆயா எங்களுக்கெல்லாம் செம்பைக் கையில் தருவாள். வீராயிக்கு மட்டும் ஓர் ஆள் உயரத்திலிருந்து குவித்த கையில் ஊற்றுவாள். பாதி அவள் பாவாடைக்குப் போகும்.

அந்தக் கோடையில் "அம்மை குத்துறவர்", அதாவது தடுப்பூசி போடுகிற சர்க்கார் ஆள், எங்கள் பள்ளிக்கு வந்தார். தகரப் பெட்டியைத் திறந்து அவர் கருவியைத் துடைத்ததைப் பார்த்ததுமே பாதிப் பிள்ளைகள் பின்வாசல் வழியாக ஓட்டம். டீச்சர் முதலில் தன் தோளைக் காட்டினார். அடுத்து வீராயி எழுந்து போனாள். அவள் போன பிறகு நான் ஓடினால் நன்றாக இருக்காதே என்கிற ஒரே ரோஷத்தில் நானும் போய் நின்றேன். அமுக்கித் திருகியதில் கண்ணில் நீர் வந்தது. வீட்டில் யாரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஆத்தா விட்டிருக்க மாட்டாள். தோளில் குத்தின புண் ஆறும் முன்பே எனக்குக் காய்ச்சல் கண்டு, பிறகு மேலெல்லாம் முத்து இறங்கியது. குத்துவதற்கு முன்பே என் உடம்பில் நோய் புகுந்திருக்க வேண்டும் என்று பிற்காலத்தில் படித்தவர்கள் விளக்கம் சொன்னார்கள். தெரு அன்றைக்கே வேறு விளக்கம் வைத்திருந்தது. "ஊசியக் குத்தி அவளையே தடுக்கப் பாத்தா சும்மா இருப்பாளா?" என்றது ஒரு குரல். "கண்ட புள்ளைகளோடயும் ஒரே பலகையில உக்கார வச்சா வேற என்ன வரும்?" என்றது இன்னொன்று. பாயில் கிடந்த எனக்கு இரண்டும் கேட்டன. அந்தக் குரல்களோடு என் ஆத்தாவின் குரலும் சேர்ந்துகொண்டதையும் கேட்டேன்.

முத்து தொண்டைக்குள்ளும் போட்ட நாள் வந்தது. எச்சில் விழுங்க முடியவில்லை. இளநீரை வாழைத்தண்டில் நனைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டாலும் வெளியே வழிந்தது. பாத்திமாக்கா பள்ளிவாசலில் ஓதி வாங்கிய தண்ணீரை ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து வாசற்படியில் வைத்துவிட்டுப் போனாள். எங்கள் ஊரில் பிள்ளைக்கு முடியவில்லை என்றால் எந்த வீட்டுத் தாயும் அந்தி நேரத்தில் பள்ளிவாசல் முன்னால் போய் நிற்பது வழக்கம்தான். ஆத்தா அதையும் என் நெற்றியில் தடவினாள். என்னைப் பெற்ற ஐயா வயலிலிருந்து நடுப்பகலிலேயே வந்து, தோளில் கிடந்த துண்டை வாயில் பொத்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிட்டாக என்பதை அவருடைய மூச்சை வைத்தே தெரிந்துகொண்டேன். அப்போதுதான் ஆத்தா ஈரச் சேலையோடு வந்து என் தலைமாட்டில் மண்டியிட்டு, எனக்குக் கேட்கிறது என்பதை அறியாமல், உரக்க நேர்ந்துகொண்டாள்.

"தாயி, புள்ளைய மட்டும் எங்கிட்டக் குடுத்துரு. அந்தப் பள்ளிக்கூடத்து வாசல இனி அவ மிதிக்க மாட்டா. இது சத்தியம்."

எனக்குப் பிழைக்க வேண்டும் என்று ஆசைதான். ஆனால் இந்தப் பேச்சுக்கு அம்மன் சம்மதித்துவிட்டால் வாய்ப்பாட்டுக்கும் வீராயிக்கும் டீச்சருக்கும் என்ன ஆவது? "அத மட்டும் காதுல வாங்காதே தாயி" என்று மனசுக்குள் சொன்னேன். சொன்ன மறுகணமே, அம்மன் ஒட்டுமொத்தமாக எதையுமே கேட்காமல் போய்விட்டால் நான் செத்துப்போவேனே என்று பயம் வந்தது. ஆத்தா ஒன்றைக் கேட்க, நான் அதற்கு நேர்மாறாகக் கேட்க, அம்மன் யாருக்குச் செவிசாய்ப்பாள் என்று யோசித்தபடியே மயங்கிப்போனேன். கடவுளைப் பற்றி என் வாழ்க்கையில் நானாக யோசித்தது அதுதான் முதல் தடவை. பிறகு எத்தனையோ பிரசங்கங்களைக் கேட்டிருக்கிறேன், எத்தனையோ விவாதங்களில் உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பாயில் கிடந்து யோசித்ததைவிட ஆழமாக யோசித்ததில்லை.

பிழைத்துக்கொண்டேன். முத்து வாடி உதிர்ந்து, வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரைத் தலைக்கு ஊற்றியபோது, உடம்பிலிருந்து ஒரு பாரம் இறங்கி முற்றத்தில் ஓடுவதுபோல் இருந்தது. ஆத்தா சிரித்துக்கொண்டே அழுதாள். ஐயா தெருவெல்லாம் கேட்கும்படி "எம்புள்ள எந்திரிச்சுட்டா" என்று சொல்லிக்கொண்டு நடந்தாக. பின்சுவரின் அந்தப் பக்கம் பள்ளிக்கூடமும் திறந்துவிட்டது. நான் பாவாடையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு சிலேட்டைத் தேடியபோது, அது அடுப்படிப் பரணில் தவலைக்குப் பின்னால் போயிருந்தது. "நீ இனி வீட்டுல இருத்தா" என்று மட்டும் சொன்னாள் ஆத்தா. குரலில் கோபம் இல்லை. நான் அழுதேன், சாப்பிடாமல் இருந்து பார்த்தேன். அவள் என் தலையைத் தடவிக்கொண்டே, "ஒன்னப் போகாதன்னு சொல்ல எனக்கு மட்டும் ஆசையா? வாக்குக் குடுத்துட்டேனே" என்பாள். அடித்திருந்தால்கூட எதிர்த்திருப்பேன். இதை எப்படி எதிர்ப்பது என்று தெரியவில்லை.

பள்ளி திறந்து சில நாட்களில் ஞானம் டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தார். "வாங்க டீச்சரம்மா" என்று ஆத்தா பாய் விரித்தாள். ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை. நேர்ந்துகொண்டதைச் சொன்னாள். டீச்சர் சிரிக்கவும் இல்லை, வாதாடவும் இல்லை.

"நானும் ஜெபம் பண்றவதானே அம்மா. சாமிக்குக் குடுத்த வாக்க மீறுங்கன்னு நான் எப்படிச் சொல்ல? ஆனா வீராயி தினமும் பலகையில உங்க செல்லத்தாயிக்கு இடம் விட்டே உக்காருறா. அதச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

ஆத்தா நிமிர்ந்தாள். "அந்தப் புள்ள வருதா?"

"நான்தான் போய்க் கூட்டிட்டு வந்தேன். அவளுக்கு ஒண்ணும் வரல. அவ தம்பி போயிட்டான்."

"எந்தத் தம்பி?"

"இடுப்புல தூக்கிட்டுத் திரிவாளே, அந்தப் பையன். அவன் பள்ளிக்கூடமும் பாத்ததில்ல, ஊசியும் பாத்ததில்ல."

அந்தச் சின்னப் பையனை எங்களுக்குத் தெரியும். நடவு நேரத்தில் அவன் தாய் எங்கள் வயலுக்கு வரும்போது வரப்பில் வேட்டித் துணி விரித்துப் படுக்க வைத்திருப்பாள். ஆத்தாவே அவன் கையில் வெல்லக்கட்டி போட்டிருக்கிறாள். டீச்சர் போன பிறகும் அவள் அந்தப் பாயைச் சுருட்டாமல் வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். பலகையால்தான் நோய் வந்தது என்று தெருவோடு சேர்ந்து தானும் சொன்னதை அவள் நினைத்துக்கொண்டிருந்தாள் என்று எனக்குத் தோன்றியது. "அவ ஆத்தாவும் இதே தாயிகிட்டதான வேண்டியிருப்பா" என்று கடைசியில் சொன்னாள், யாரிடம் என்று இல்லாமல்.

அன்று மாலை ஐயாவிடம் பேச்சை எடுத்தவளும் அவளேதான். ஐயா அதிகம் பேசுகிறவர் இல்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "பூக்கட்டிப் பாத்துருவம். அவ என்ன சொல்றாளோ அது" என்றாக. பூக்கட்டிப் பார்ப்பது என்றால், வெள்ளைப் பூவை ஓர் இலையிலும் சிவப்புப் பூவை இன்னோர் இலையிலும் ஒன்றுபோல மடித்துச் சாமி முன்னால் வைத்து, விவரம் அறியாத ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்பு வந்தால் இல்லை.

தெருக்கோடியில் இருந்த சின்ன மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். காலை வெயில் கோயில் வாசலில் விழுந்திருந்தது. எங்களோடு பாத்திமாக்காவும் வந்து, வேப்பமரத்தடியில் நின்றுகொண்டாள். பூசாரி இரண்டு பொட்டலங்களை மடித்து வைத்தார். "என்ன கேக்கணும் தாயி?" என்றார். "எம்புள்ள பள்ளிக்கூடம் போகலாமான்னு கேளுங்க" என்றாள் ஆத்தா. வழியோடு போன ஒருத்தியின் கைக்குழந்தையை வாங்கி இறக்கிவிட்டார்கள். அது தவழ்ந்து போய் ஒரு பொட்டலத்தைத் தொட்டு, மறுபடி யோசித்ததுபோல் மற்றொன்றை எடுத்து வாயில் வைத்தது. பூசாரி அதைப் பிடுங்கிப் பிரித்தார்.

சிவப்பு அரளி.

ஐயா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "சரி, வா" என்று என் கையைப் பிடித்தாக. பூசாரி திருநீறு எடுக்கப் போனார். எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்தபோது, ஆத்தா நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. சிலையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, அடுத்த வீட்டுக்காரியிடம் வேலிச் சண்டையைத் தீர்த்துக்கொள்வதற்குப் போனவள் பேசுவதுபோல், நிதானமாகப் பேச ஆரம்பித்தாள்.

"பூவு சரியாத்தான் சொல்லுது தாயி. நாந்தான் தப்பாக் கேட்டுட்டேன். அன்னைக்கு ஒனக்குக் குடுக்கிறேன்னு நான் சொன்னது என்னுது இல்ல. அது இவளோட படிப்பு. இவளுது. இன்னொருத்தி பொருள எடுத்து ஒனக்கு நேந்துக்கிட்டு, குடுக்கவான்னு ஒங்கிட்டயே வந்து கேட்டா நீ என்ன சொல்லுவ? பேசுனபடி குடுன்னுதான சொல்லுவ?"

"பூவு சொன்னதுக்கு மேல பேசக் கூடாது தாயி" என்றார் பூசாரி.

"நான் பூவப் பத்திப் பேசல சாமி. நான் பட்ட கடனப் பத்திப் பேசுறேன்." மறுபடி சிலையின் பக்கம் திரும்பினாள். "எங்கிட்ட என்ன இருக்கு? இந்த ரெண்டு கையி இருக்கு. இவ படிக்கிற வரைக்கும் வருசா வருசம் ஒனக்குத் தீச்சட்டி எடுக்கிறேன். கையி வெந்தா எங்கையி வேகட்டும். நீயும் பொம்பள, நானும் பொம்பள. இந்தப் பேச்சு நமக்குள்ளயே இருக்கட்டும்."

பூசாரி திருநீற்றுத் தட்டோடு அப்படியே நின்றார். மறுபடி பூக்கட்டச் சொல்வாள் என்று அவர் எதிர்பார்த்திருக்க வேண்டும். அவள் கேட்கவில்லை. தட்டிலிருந்து தானே ஒரு சிட்டிகை எடுத்து என் நெற்றியில் பூசி, "வா, வெயிலு ஏறுது" என்று நடந்தாள். வேப்பமரத்தடியில் நின்ற பாத்திமாக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை என் சிலேட்டு பரணிலிருந்து இறங்கிவிட்டது.

பள்ளிக்கு நான் திரும்பியபோது இன்னொன்று காத்திருந்தது. என் முகத்திலும் கைகளிலும் வடு இன்னும் கறுப்பாக இருந்ததால் மற்றப் பிள்ளைகள் என் பக்கத்தில் உட்கார மறுத்தார்கள். அவரவர் வீட்டில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். முன் பலகையில் நானும் வீராயியும் மட்டும். "வா, இங்கன உக்காரு, தொடச்சு வச்சிருக்கேன்" என்றாள் அவள். தம்பியைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை; அவள் குரல் மட்டும் முன்போல் எல்லோரையும் முந்தி ஓடாமல் எல்லோரோடும் சேர்ந்தே நடந்தது. தண்ணீர் குடிக்கப் போனோம். ஆயா அவளுக்கு ஊற்றியதுபோல எனக்கும் உயரத்திலிருந்து ஊற்றினாள். விரலிடுக்கில் வழிந்து, முழங்கையில் ஓடி, கழுத்துக்குள் இறங்கியது. வாய்க்குக் கொஞ்சமே வந்தது. "முழங்கைய ஒட்டி வச்சுக்க, வழியாது" என்று வீராயி சொல்லிக்கொடுத்தாள். அவளுக்குப் பல வருடப் பழக்கம். எனக்கு வடு மங்கியதும் செம்பு திரும்பக் கையில் வந்துவிடும், அவளுக்கு எது மங்கினால் வரும் என்று அன்றைக்குக் கேள்வி எழுந்தது. வீட்டுக்கு வந்து ஆத்தாவிடம் அப்படியே கேட்டுவிட்டேன். மறுநாள் எங்கள் வீட்டிலிருந்து ஒரு பித்தளைச் செம்பை எடுத்துக்கொண்டு டீச்சரிடம் போய், "இது அந்தப் புள்ளைக்கு இருக்கட்டும், மோந்து அவ கையிலயே குடுக்கச் சொல்லுங்க" என்று கொடுத்துவிட்டு வந்தாள். தனிச் செம்பு சமத்துவம் ஆகாது என்பது எனக்கு இன்று தெரியும். அன்றைக்கு அவளால் நடக்க முடிந்த தூரம் அவ்வளவு. டீச்சர் அந்தச் செம்பை வாங்கி மற்றச் செம்புகளோடு சேர்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டார். கொஞ்ச நாளில் எது எந்தச் செம்பு என்று யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. ஆயா முணுமுணுத்தாள். அப்புறம் அவளும் விட்டுவிட்டாள்.

அடுத்த சித்திரையில் வண்டி கட்டிக்கொண்டு வீரபாண்டி மாரியம்மன் திருவிழாவுக்குப் போனோம். சின்னமனூரைத் தாண்டியதும் சாலையெல்லாம் மஞ்சள் சேலையும் வேப்பிலையும்தான். முல்லையாற்றில் அத்தனை கூட்டம் குளித்துக்கொண்டிருந்தது. யார் எந்தப் பக்கம் இறங்குகிறார்கள் என்று பார்க்க அன்று யாருக்கும் இடமும் இல்லை, நேரமும் இல்லை. ஆத்தா தலை முழுகி ஈரச் சேலையோடு வந்து, வேப்பிலையைச் சும்மாடாகச் சுற்றி, அதன்மேல் கனல் நிறைந்த மண்சட்டியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டாள். நான் கூடவே நடந்தேன். அவள் முகத்தில் வேர்வை ஓடியது; உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. என்ன சொல்லி வேண்டுகிறாள் என்று காதைக் கிட்டே கொண்டுபோய்க் கேட்டேன். "அஞ்சாம் வகுப்பு, அஞ்சாம் வகுப்பு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எந்த வகுப்புக்கான சட்டி என்று அம்மனுக்குக் கணக்குத் தவறிவிடக் கூடாதாம்.

எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஐப்பசி மழை தொடங்கும்வரை. ஒரு நாள் பள்ளியிலிருந்து வரும்போதே எனக்கு உடம்பு நடுங்கியது. வீட்டுக்கு வருவதற்குள் பல் கிட்டிவிட்டது. கம்பளியும் கோணியும் போர்த்தியும் குளிர் அடங்கவில்லை. பிறகு உடம்பு தீயாகக் கொதித்தது. தெரு உடனே நினைவுபடுத்தியது. "வாக்குத் தப்புனா விடுவாளா?" "பூவு சிவப்பா வந்தப்பவே நிறுத்தியிருக்கணும்." ஆத்தா என் பக்கத்தில் உட்கார்ந்து தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் நேர்ந்துகொள்ளாமல் இருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது. என்ன சொல்லி நேர்ந்துகொள்வது என்று தெரியாமல் அவள் திகைத்துப் போயிருந்தாள்.

அப்போது வாசலில் பாத்திமாக்கா வந்து நின்றாள். தலையில் இறுக்கிக் கட்டிய துணி, கண்ணெல்லாம் சிவப்பு, கதவைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது. தெருப் பெண்கள் இருவர் ஆத்தாவுக்கு உபதேசம் செய்துகொண்டிருந்ததைக் கொஞ்ச நேரம் கேட்டாள்.

"ஏக்கா, எங்க வீட்டுல எல்லாரும் இதே குளிர்க் காச்சல்ல சுருண்டு கெடக்கோம். அவுக, நானு, புள்ளைக, மாமியா, ஒருத்தர் பாக்கியில்ல. நாங்க எந்த மாரியாத்தாளுக்கு வாக்குக் குடுத்துத் தப்புனோம்? கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லுங்க."

ஆத்தா சிரித்தாள். நான் அவளிடம் அப்படி ஒரு சிரிப்பைக் கேட்டதே இல்லை. சிரிப்பு முற்றி இருமலாகி, இருமல் அழுகையாகி, மறுபடி சிரிப்பாகவே முடிந்தது. உபதேசம் செய்ய வந்தவர்களில் ஒருத்தியும் சிரித்துவிட்டாள். ஐயா எழுந்து வண்டி பூட்டினாக. அதே வண்டியில் பாத்திமாக்காவின் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மலைக்காய்ச்சல்தான், ஊரில் பாதிப்பேருக்கு இருக்கிறது என்று டாக்டர் கொய்னா என்கிற கசப்பு மருந்தைக் கொடுத்தார். அந்தக் கசப்பை நாக்கிலிருந்து போக்க வெல்லம், மோர், புளி என்று எல்லாவற்றையும் தின்று பார்த்தோம், போகவில்லை. காய்ச்சல் போய்விட்டது. விட்டுவிட்டு வந்த குளிர் நின்றுபோன அன்று ஆத்தா அடுப்பில் எண்ணெய்ச் சட்டியை வைத்துத் தாராளமாகக் கடுகு தாளித்தாள். அந்த வாசனை தெருவுக்கே போனது. "அவ கோவிச்சுக்கல" என்றாள் ஐயாவிடம். அவ்வளவுதான் சொன்னாள். அவள் தோள்கள் அதுவரை எவ்வளவு உயர்ந்து விறைத்திருந்தன என்பது, அவை இறங்கிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அதன்பிறகு என் படிப்புக்கு எங்கள் வீட்டில் தடை வரவில்லை. பெரியகுளத்தில் கிறித்தவ விடுதியில் தங்கிப் படித்தேன். பிறகு ஆசிரியப் பயிற்சிக்குத் திண்டுக்கல் போனேன். விடுதியில் காலையும் மாலையும் ஜெபம் நடக்கும். கண்ணை மூடினால் எனக்குத் தீச்சட்டி ஏந்திய ஆத்தாதான் தெரிவாள். இரண்டுக்கும் சண்டை எதுவும் வந்ததில்லை. ஒவ்வொரு சித்திரையிலும் அவள் வீரபாண்டிக்குப் போய்விடுவாள். விடுமுறையில் வீட்டுக்கு வரும்போதெல்லாம், "இன்னும் எத்தன வருசம்டி இருக்கு? கையெல்லாம் காச்சுப் போச்சு" என்று உள்ளங்கையைக் காட்டுவாள். "இதோட முடிஞ்சிருச்சு ஆத்தா" என்று பயிற்சி முடித்து வந்து நான் சொன்னபோது அவள் முகத்தில் நிம்மதியோடு ஒரு சின்ன ஏமாற்றமும் தெரிந்தது. "அம்புட்டுத்தானா படிப்பு?" என்றாள்.

வீராயியை ஞானம் டீச்சர் தன் பொறுப்பில் அழைத்துப்போய் நர்சு வேலைக்குப் படிக்க வைத்தார். பல ஊர் ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்துவிட்டு இப்போது பேரன் பேத்திகளோடு தேனியில் இருக்கிறாள். போன மாதம்கூடப் பார்த்தேன். இப்போதும் எனக்கு முன்னால் வேகமாக நடக்கிறாள்.

அந்தப் பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் இப்போது கடைகள். எங்கள் வீட்டுப் பின்சுவரும் இல்லை. உயரத்திலிருந்து ஊற்றுகிற தண்ணீரைக் குவித்த கையில் வாங்கிக் குடிப்பது எப்படி என்று என் பேத்திக்குச் செய்துகாட்டினேன். எதற்காக அப்படிக் குடிக்க வேண்டும் என்று கேட்டாள். அவளுக்கு அது புரியாமல் போனதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று அவளுக்குத் தெரியாது. அந்த வழக்கம் எல்லா இடத்திலும் போய்விட்டது என்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் கண்முன்னால் இருந்தது போயிற்று, அதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

அம்மை நோய் போன செய்தியை ஆத்தாவுக்கு நான்தான் வாசித்துச் சொன்னேன். அவளுக்கு அப்போது நன்றாக வயதாகியிருந்தது. தேனியில் என்னோடு இருந்தாள். இனி அந்த நோய் உலகத்திலேயே இல்லை என்று பத்திரிகையில் போட்டிருந்ததைச் சத்தமாகப் படித்தேன். "உலகத்துலயேவா?" என்றாள். "உலகத்துலயேதான்" என்றேன். "இனிமே எந்தப் புள்ளைக்கும் வராதா?" "வராது ஆத்தா." மறுபடி படிக்கச் சொன்னாள். படித்தேன்.

"வாற சித்திரைக்கு என்னிய வீரபாண்டிக்குக் கூட்டிட்டுப் போ" என்றாள்.

"எதுக்கு ஆத்தா? கடன் எல்லாந்தான் தீந்துருச்சே?"

"அதுக்குத்தான் சொல்றேன். இம்புட்டுக் காலமும் பயந்துக்கிட்டே அவ முன்னால போயி நின்னாச்சு. ஒரு தடவ கேக்கிறதுக்கு ஒண்ணுமில்லாம, சும்மா அவ மொகத்தப் பாத்துட்டு வருவம்."